வேம்புலி பார்த்த வண்டி

பூந்தமல்லி மாட்டுச் சந்தையில் வேம்புலி ஒரு ஜோடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டால் போதும். வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டார், சுழி தேடமாட்டார், வாலைத் தூக்கமாட்டார். "வேம்புலி பாத்ததுப்பா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மாங்காடு, நெமிலிச்சேரி, அந்தப் பக்கம் திருமழிசை வரைக்கும் அந்த வார்த்தை செல்லுபடியானது. வெள்ளைக்காரன் இன்னும் பத்தே வருஷத்தில் மூட்டை கட்டப்போகிறான் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

ஆள் ஒன்றும் பெரிய பயில்வான் இல்லை. கறுத்து மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் வேட்டி, தோளில் காவி ஏறிய ஒரு துண்டு. ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அது மாட்டின் தோலுக்குள் புகுந்து எலும்பை எண்ணிவிட்டு வரும். நடக்கிற மாட்டை அவர் பார்க்கவே மாட்டார். மாடு படுக்கட்டும் என்று காத்திருப்பார். அரைமணி ஆனாலும் குந்திக்கொண்டு காத்திருப்பார். "நடந்து சூடேறுன மாட்டுக்கு நொண்டி தெரியாது மாமே. படுத்து எந்திரிக்கும் பாரு, அப்பத்தான் அதும் வண்டவாளம் தெரியும்" என்பார். விற்க வருகிறவன் நொண்டி மாட்டை ஊரைச் சுற்றி நடத்தி, சூடேற்றிக் கூட்டிவந்து நிறுத்துவான். வேம்புலியிடம் மட்டும் அந்த வேலை நடக்காது.

தரகு என்றால் சும்மா வாயால் பேசுவது இல்லை. வாங்குகிறவரின் தரகரும் விற்கிறவரின் தரகரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். விலை முழுவதும் விரல்தான். ஒரு விரலை அழுத்தினால் ஒரு கணக்கு, மடக்கினால் வேறு கணக்கு, முழுக்கையையும் மூடிவிட்டால் 'இது விற்பதற்கில்லை' என்று அர்த்தம். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கையை உள்ளே விடுமுன் ஒரு கேள்வி உண்டு: "குறை இன்னா?" அதற்கு வாய்விட்டு, நாலு பேர் காதில் விழப் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு இன்னொரு கட்டுப்பாடு. எந்தத் தரகரும் தன் வீட்டுக்கு வாங்கும்போதும் சரி, தன் வீட்டு மாட்டை விற்கும்போதும் சரி, தானே கை போடக்கூடாது. இன்னொரு தரகரைத்தான் கூப்பிட வேண்டும். சொந்த ஆசை விரலில் ஏறிவிடுமாம்.

இந்தக் கட்டுப்பாட்டை வேம்புலி ஒரே ஒரு தடவை மீறினார். அந்தக் கதைதான் இது.

ஒரு நாள் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினார். கண்டக்டர் பையன் அவர் காலைப் பார்த்தான். காலில் சாணி. "பின்னால போய் நில்லுய்யா, மாட்டு நாத்தம் அடிக்குது" என்றான். வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கைச் சுளித்தார்கள். வேம்புலிக்குக் காது சிவந்துபோயிற்று. மதுரவாயலிலேயே இறங்கினார், மிச்ச தூரம் முழுக்க நடந்தே வந்தார். வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "முத்தம்மா, நாம ஒரு மோட்டாரு வாங்கறோம்" என்றார்.

அவர் மனைவி முத்தம்மாள் உரலில் கைவைத்தபடியே நிமிர்ந்தாள். "இன்னாய்யா, வெயில்ல நடந்து வந்தியா?"

"நடந்துதான் வந்தேன். இனிமே நடக்கறதா இல்ல."

அடுத்த மாதமே வாய்ப்பு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் பங்களாவில் இருந்த ஒரு கம்பெனித் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், நாற்காலி மேஜை முதல் நாய்க்குட்டி வரை விற்கிறார் என்று செய்தி. வேம்புலி போய் நின்றார். அங்கே பூவரச மர நிழலில் நின்றது வண்டி.

அடேயப்பா, என்ன வண்டி! இரண்டே கதவு. முன்னால் துரையும் துரைசானியும் மட்டும் உட்கார ஒரு சின்ன அறை, உள்ளே சிவப்புத் தோல் மெத்தை. பின்னால் ஒரு மூடியைத் திறந்தால் அதற்குள் இன்னொரு இருக்கை, வேலைக்காரர்களுக்கு. மூக்கு மட்டும் ஆறடி நீளம். விளக்கு இரண்டும் உரல் அளவு. கறுப்பு மேனியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இதைப்போல மாகாணத்திலேயே நாலு வண்டிதான் உண்டு என்று துரையின் பட்லர் டேவிட் சொன்னான். வேம்புலி சொக்கிப்போனார்.

சும்மா வாங்கிவிடவில்லை. முறையாகப் பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். டயரைத் தட்டினார். கடைசியில் அந்த நீள மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நோவு கண்ட மாட்டுக்குக் காது சில்லென்று இருக்கும். நல்ல மாடு என்றால் உடம்பில் சூடு இருக்கும். "நல்ல ரத்தம்" என்று முணுமுணுத்தார். டேவிட் சாவியைத் திருப்பினான். வண்டி சட்டென்று உறுமிக்கொண்டு கிளம்பிற்று.

சூடேறின மாட்டைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், அன்று காலையில்தான் டேவிட் அதை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையே! ஆசை என்றால் அதுதான்.

அடுத்தது விலை. இங்கேதான் பெரிய கூத்து. வேம்புலி பழக்க தோஷத்தில் டேவிட்டின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினார். டேவிட்டுக்கு இந்த வழக்கம் என்ன தெரியும்? வேளாங்கண்ணிக்காரன், துரைக்கு முட்டை அவித்தே பழகியவன். பெரியவர் ஏதோ கைகுலுக்குகிறார் என்று சும்மா நின்றான். வேம்புலி இரண்டு விரலை அழுத்தினார், இருநூறு. டேவிட் பேசவில்லை. 'அழுத்தக்காரன்' என்று நினைத்து மூன்றை அழுத்தினார். அவன் முழித்தான். 'பெரிய தரகன்டா இவன்' என்று வியந்துகொண்டு மூன்றரை. அவனுக்குக் கூச்சம் தாங்காமல் நெளிந்தான். நாலு. அப்புறம் பொறுக்க முடியாமல் டேவிட், "எவ்வளவு தரப் போறீங்க, வாயால சொல்லுங்களேன்" என்றான். "அதான் நானூறு குடுத்தேனே!" என்றார் வேம்புலி. டேவிட் சட்டென்று கையை உருவிக்கொண்டான். "சரிங்க" என்றான். துரை அவனுக்குச் சொல்லியிருந்தது இருநூற்றைம்பது.

உலகத்தில் வேறு எவனாவது தன்னோடு தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருப்பானா? வேம்புலி ஏற்றினார். அன்றைய விலைக்கு நாலு ஜோடி உழவு மாடு அது.

வண்டியை வீடு சேர்த்ததும், வழியிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதே டேவிட்தான். தெருவே கூடிற்று. முத்தம்மாள் ஆரத்தி சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். வண்டிக்குத் தனியாகக் கொட்டகை ஏது? மாட்டுக் கொட்டகையில் பாதியை ஒதுக்கி நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு மயிலைக் காளைகள், நடுவில் தீனித் தொட்டி, அந்தப் பக்கம் மோட்டார்.

மறுநாள் காலை வேம்புலி வெள்ளை வேட்டி கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சாவியைத் திருப்பினார். சத்தம் இல்லை. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். வண்டி இருமிற்று. மறுபடி சுற்றினார். 'டமார்!' என்று பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு வெடி. கூரையில் இருந்த காக்கை அத்தனையும் பறந்தது. மயிலைக் காளைகள் இரண்டும் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வாழைத்தோட்டத்தை நாசமாக்கின.

வண்டி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. அதுதான் அதன் குணம். சூடாக இருந்தால் ராஜாமாதிரி ஓடும். ஒரு தடவை நின்று ஆறிவிட்டதோ, அப்புறம் நாற்பது தடவை அதன் காலில் விழுந்தால்தான் எழுந்திருக்கும். பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த ஜெயபால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடித்து வந்து பார்த்தான். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, கால்மணி நேரம் கழித்து வெளியே எடுத்தான்.

"நெருப்பு விழவேண்டிய நேரத்துல விழாம, தப்பான நேரத்துல விழுதுண்ணே. அதான் வெடி. உள்ளாற ஒரு சாமான் தேஞ்சி போச்சி. இங்க எங்கியும் கெடைக்காது, சீமையிலேர்ந்து கப்பல்ல வரணும்."

"எவ்வளோ நாளாவும்?"

"எழுதிப் போட்டா ஆறு மாசம், எட்டு மாசம்."

"எழுதிப் போடு" என்றார் வேம்புலி, மாட்டுக்கு வைக்கோல் வரவழைக்கிறமாதிரி.

அப்புறம் தொடங்கிற்று தீனிச் செலவு. வேம்புலிக்கு எல்லாமே மாட்டுக் கணக்குதான். ஒரு டயர் போயிற்று. ஒரு கறவைப்பசு. பாட்டரி உயிரை விட்டது. ஒரு சினைக் கிடாரி. தோல் மெத்தையை எலி கடித்துத் தைத்த வகையில் இரண்டு வெள்ளாடு. பெட்ரோலோ, பூந்தமல்லியிலிருந்து பாடிக்குப் போய்த் திரும்பினால் ஒரு கன்றுக்குட்டியின் கால் கரைந்துவிடும். ரேடியேட்டர் ஒழுகிற்று. குளத்துக்குக் குளம் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். சர்க்காருக்கு வரி வேறு. ஓடாத வண்டிக்கும் வரி உண்டு என்று தெரிந்தபோதுதான் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. "செத்த மாட்டுக்குக்கூட வரி வாங்குவானா இவன்?" என்று கத்தினார்.

இதெல்லாம் போகட்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். வேறொன்று போயிற்று.

சந்தையில் இன்னொரு தரகர் பரந்தாமன். வேம்புலியைவிட ஐந்து வயது இளையவர், கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். டேவிட்டின் கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. சூடேற்றி நிறுத்தியது, தானே ஏலம் கேட்டது, எல்லாம். அவ்வளவுதான், ஊர் முழுக்கச் சிரிப்பு. ஓட்டைக் குடத்தை வாங்கினவளைப் பார்த்து, "இன்னாடி, வேம்புலி பாத்ததா?" என்றார்கள். அழுகின பூசணிக்காய்க்கும் அதே பேர். கல்யாணத்தன்று இரவே ஓடிப்போன மாப்பிள்ளைக்கும் அதே பேர். இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்த பேர் ஐயா அது, அதை எடுத்துத் தெருவில் பந்தாடினார்கள்.

சிரிப்பு சிரிப்போடு நிற்கவில்லை. மாங்காட்டுப் பண்ணைக்காரர் ஜானகிராம முதலியார் கூண்டுவண்டிக்கு ஜோடி வாங்க வந்தார். பத்து வருஷமாக அவருக்கு மாடு பார்த்துக் கொடுத்தவர் வேம்புலி. அன்று அவர் வேம்புலியைத் தாண்டிப் போய்ப் பரந்தாமன் முன்னால் நின்றார். போகும்போது, "தப்பா நெனைக்காதே வேம்புலி, உன் கண்ணுல கொஞ்சம் பூ விழுந்திருக்கு போலிருக்கு" என்று மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு வேம்புலி சாப்பிடவில்லை.

"அத்த வித்துத் தொலைய்யா" என்றாள் முத்தம்மாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு வண்டியால உன் பேரே நாஸ்தியாப் பூட்சி. எவனும் ஊட்டுப்பக்கம் வரமாட்டேன்றான்."

"குறையச் சொல்லி வித்தா எவன் வாங்குவான்? சொல்லாம விக்க நான் என்னா பட்லரா?" என்றார் வேம்புலி. "பாத்துகினே இரு. இந்தக் கண்ணு எங்கியும் பூடல. அன்னிக்கு ஆசை மறைச்சிகினு நின்னுச்சி, அவ்ளோதான்" என்றார். அந்த மனுஷனுக்குத் தன்னைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வண்டியில் போவதையும் விடவில்லை. விட்டால் தோற்றதாக ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் எங்காவது நின்றுவிடும். உடனே வீட்டுக்கு ஆள் வரும், முத்தம்மாள் மயிலை ஜோடியை ஓட்டிக்கொண்டு போய் வண்டியை இழுத்து வருவாள். நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தாள். ஆள் வரட்டும் என்று காத்திராமல், வண்டி கிளம்பும்போதே நுகத்தடியோடு மாடுகளையும் பின்னாலேயே நடத்திக்கொண்டு போனாள். ஊரில் வேறு எந்த மோட்டாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மயிலை ஜோடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டான மாடு, திமில் எழும்பின மாடு, ஆனால் பிறவியிலேயே மிரட்சி. பஸ்ஸைக் கண்டால் வயலில் இறங்கிவிடும். அதனால்தான் அது விலைபோகாமல் வீட்டிலேயே நின்றது. "கண்ணுல பயமில்ல, பழக்கந்தான் இல்ல. ஆயிடும்" என்று வேம்புலி சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்க ஆளில்லை. இப்போது அந்த மாடுகளின் கதியைப் பாருங்கள். விடிந்தால் தொட்டிக்கு அந்தப் பக்கம் நாற்பது தடவை 'டமார்'. வழியில் இழுக்கும்போதும், உள்ளே உட்கார்ந்து வேம்புலி வண்டியை உயிர்ப்பிக்கப் பார்க்க, முதுகுக்குப் பின்னால் 'டமார்'. முதல் மாதம் கயிறு அறுந்தது. இரண்டாம் மாதம் காதை மட்டும் விடைத்தன. நாலாம் மாதம் ஒரு நாள் முத்தம்மாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது பெரிய வெடியாக ஒன்று வெடித்தது. அவள் கூடையைப் போட்டுவிட்டாள். மாடுகள் இரண்டும் படுத்து அசைபோட்டுக்கொண்டே இருந்தன.

அவள் வேம்புலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டி ஓரம் குந்தினார். வெகுநேரம் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. முதலியார் குடும்பத்தோடு கூண்டுவண்டியில் மாங்காட்டம்மன் கோயிலுக்குப் போனார். பரந்தாமன் பார்த்துக் கொடுத்த ஜோடி, பார்க்க லட்சணமான ஜோடிதான். எதிரே பட்டணத்துப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாடுகள் மிரண்டு பாய்ந்தன, வண்டி ஓடைக்குள் சாய்ந்தது. முதலியாரின் சம்சாரத்துக்குக் கைமூட்டு பிசகிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் முதலியார் வெகுண்டுவிட்டார். வியாழக்கிழமைச் சந்தையில் ஆள்விட்டுச் சொன்னார்: அடுத்த சந்தைக்கு அவரே வருவார், அவர் வண்டியில் பூட்டி, பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்வார், அசையாமல் நிற்கிற ஜோடி எதுவோ அதற்குக் கேட்ட விலை.

அந்த வியாழன் வந்தது. சாலையோரம் பஸ் நின்றது. தரகர்கள் ஒவ்வொரு ஜோடியாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். டிரைவர் ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அழுத்தினான். ஒரு ஜோடி பின்வாங்கிற்று. ஒரு ஜோடி எகிறிற்று. பரந்தாமனின் இரண்டாவது ஜோடி நுகத்தோடு முதலியாரின் மடியில் வந்து விழப்பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. முதலியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், வண்டியே வேண்டாம். பல்லக்கு வாங்கிக்கறேன்" என்றார்.

அப்போது கரையான்சாவடி வளைவில் ஒரு ஊர்வலம் வந்தது.

முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முத்தம்மாள். பின்னால் மயிலை ஜோடி. அதற்குப் பின்னால் கறுப்பு மூக்கை நீட்டிக்கொண்டு மோட்டார். உள்ளே சிவப்பு மெத்தையில், சலவை வேட்டியும் தலைப்பாகையுமாக வேம்புலி. வழக்கம்போலப் பாதி வழியில் வண்டி படுத்துவிட்டது. சந்தையே கைகொட்டிச் சிரித்தது. "வேம்புலி பாத்தது வருது, வழி உடுங்கோ!" என்று எவனோ கத்தினான். முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வேம்புலி குனியவில்லை. சந்தை நடுவுக்கு வந்ததும் வண்டியை உயிர்ப்பிக்கக் காலால் எதையோ மிதித்தார், எதையோ இழுத்தார்.

'டமார்!'

ஐயோ, அந்த வெடி! அதுவரை வெடித்ததெல்லாம் அதற்கு ஒத்திகை. சந்தையில் நின்ற நூற்றைம்பது மாடும் ஒரே நேரத்தில் துள்ளிற்று. கயிறு அறுந்தது, முளை பெயர்ந்தது. கூடைக்காரிகள் அலறினார்கள், மோர்ப்பானை உருண்டது. பஸ் டிரைவர் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்தான். புழுதி எழும்பி ஆளுக்கு ஆள் தெரியவில்லை.

புழுதி அடங்கியபோது சந்தை நடுவில் இரண்டே மாடுகள் நின்றன. வால் ஆட்டிக்கொண்டு, முத்தம்மாள் தோளில் வழிந்த முந்தானையை ஒன்று முகர்ந்துகொண்டிருந்தது.

முதலியார் மிரண்ட மாடுகளுக்குப் பயந்து ஏறியிருந்த கட்டை வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மாடுகளைச் சுற்றி வந்தார். வேம்புலியும் மோட்டாரிலிருந்து இறங்கினார்.

"வேம்புலி, இதுங்க காது கேக்காத மாடா?"

"எசமான், அதுங்களையே கேட்டுப் பாருங்க" என்று வேம்புலி நாக்கை ஒருமுறை சொடுக்கினார். நாலு காதும் அவர் பக்கம் திரும்பின.

"என்ன விலை சொல்றே?"

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கினார்கள். அன்று அவர் என்ன சொன்னாலும் முதலியார் கொடுத்திருப்பார். வேம்புலி தோளிலிருந்து துண்டை எடுத்தார். எடுத்து, கூட்டத்தின் ஓரத்தில் அறுந்த கயிறும் கையுமாக நின்ற பரந்தாமனிடம் நீட்டினார்.

"இது எங்கூட்டு மாடு. நான் கை போட மாட்டேன். எனுக்கு நானே தரகு பேசி ஒரு தபா மண்ணக் கவ்வுனது ஊருக்கே தெரியும். நீ வா பரந்தாமா."

பரந்தாமன் அறுந்த கயிற்றைக் கீழே போட்டார். இத்தனை மாதம் இந்த மனுஷனைப் பார்த்து ஊரையே சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவர் அவர்தான். மெதுவாக வந்தார். துண்டை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கப்படி கேட்டார். "குறை இன்னா அண்ணாத்தே?"

"ஒண்ணே ஒண்ணு. வெடிச் சத்தத்துலயே வளந்துட்சிங்க. 'டமார்'னு கேட்டாத்தான் காலெடுத்து வைக்கும். இல்லன்னா முன்னால ஒருத்தர் கயித்தப் புடிச்சி இழுக்கணும், உட்டா நின்ன எடத்துலயே தூங்கும். கை தட்டிப் பழக்கினா பத்து நாள்ல சரியாப் பூடும்."

முதலியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ அந்த வண்டியையும் சேத்துப் பேசு பரந்தாமா. ஜோடிக்கு வெடி நானா போடறது?"

பரந்தாமன் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பிடித்தார். மாட்டுக்கு விலை சீக்கிரம் படிந்துவிட்டது. இரண்டு ஜோடி விலை என்று பிற்பாடு தெரிந்தது. பிறகு மோட்டாருக்காக வேம்புலியின் கையைத் துண்டுக்குள் பிடித்தார். பிடித்தவர் முகம் மாறிற்று. உள்ளே கை இறுக மூடியிருந்தது.

"நீ குடுத்ததுக்கு ரெண்டு பங்கு குடுப்பாரு அண்ணாத்தே" என்று கிசுகிசுத்தார்.

"நானூறு ரூபா குடுத்து நான் கத்துகினது அது. அது கொட்டாயில நிக்கட்டும். இன்னும் எத்தினி ஜோடி பழக்கணும்" என்றார் வேம்புலி. சீமைச் சாமான் வந்தாலும் பூட்டவேண்டாம் என்று ஜெயபாலுக்குச் சொல்லியனுப்பவேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றிற்று.

பரந்தாமன் துண்டை உருவினார். தரகு முடிந்தால் தரகர் உரக்கச் சொல்வது வழக்கம். அவர் சொல்ல வாயெடுத்தார், வேம்புலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினார். "முடிஞ்சிட்சி! வேம்புலி பாத்தது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலியார் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, வாலைத் தூக்கவில்லை. புதுக்கயிறு மாற்றி ஓட்டிப் போகச் சொன்னார். வேம்புலி துண்டை வாங்கி முகத்தோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மாடு போய்விட்டது. மோட்டாரோ சந்தை நடுவில் படுத்துக்கிடக்கிறது. இழுப்பது யார்?

மாட்டை விற்றாலும் பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை. அது முத்தம்மாள் கையில்தான் இருந்தது. அவள் வண்டியின் முன்பக்கம் அதைக் கட்டி, மறுமுனையைப் பரந்தாமன் கையில் கொடுத்தாள். பரந்தாமன் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற தரகர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். வேம்புலி உள்ளே ஏறி உட்கார்ந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். வண்டி நகர்ந்தது.

முத்தம்மாள் கதவோரம் நடந்துகொண்டே, "இன்னாய்யா இது, மாட்ட வித்துட்டு மனுசன ஓட்டிகினு வர?" என்றாள்.

வேம்புலி கண்ணாடி வழியாக முன்னால் இழுக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இழுக்கறாங்க" என்றார். "ஒருத்தன்கூட மெர்சலாவல."